மூன்றாம் விருப்பக்காரர்

மூன்றாம் விருப்பக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். வேட்டி கட்டுவார், வெற்றிலை போடுவார், தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பார். அவர் எதையாவது கேட்க வரும்வரைக்கும் அவரை அடையாளம் காண முடியாது. கேட்க வந்தாரோ, பிடிபட்டார்.

அவருக்கு உங்கள் வீட்டு ஏணி வேண்டியிருக்கும். வருவார். முற்றத்தில் நின்று உங்கள் மாமரம் இந்த முறை பூத்த பூவெல்லாம் காயாகுமா என்று கவலைப்படுவார். பிறகு உங்கள் மகளின் பரீட்சை முடிவை விசாரிப்பார். தேத்தண்ணி வேண்டாம் என்பார், குடிப்பார், எழுந்து படலைவரைக்கும் போவார், ஒரு காலை ஒழுங்கையில் வைத்துவிட்டுத் திரும்பி, அப்போதுதான் நினைவு வந்தவர் போல, "அது சரி, உந்த ஏணி சும்மாதானே கிடக்குது?" என்பார். ஏணிக்காகத்தான் வீட்டிலிருந்து புறப்பட்டார். ஏணியை நினைத்துக்கொண்டேதான் மாம்பூவைப் பார்த்தார். ஆனால் ஏணி என்ற சொல்லை முதலாவதாகச் சொல்லிவிட்டால் ஏணி கிடைக்காது என்பது அவருடைய சமயம்.

அப்போதிக்கரியிடம் போனாலும் இதே கதைதான். முதலாவது முழங்கால். இரண்டாவது, மருமகனுக்கு விடாத இருமல், அதற்கு ஒரு குளிசை. மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கும்போதுதான், "நெஞ்சுக்குள்ளையும் ஒரு சின்னக் குத்து, அது பறவாயில்லை" என்பார். எத்தனை பேர் அந்தக் கதவைத் திறக்கும்போதே செத்திருக்கிறார்கள் என்று எந்த ஆஸ்பத்திரியாவது கணக்கெடுத்திருக்கிறதா?

இந்த இனத்தின் இலட்சணங்கள் எல்லாம் ஒருங்கே பொருந்திய ஒருவர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இருந்தார். பெயர் பஞ்சலிங்கம். கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து இளைப்பாறியவர். அவர் பிறக்கும்போது இப்படியில்லை. அரசாங்க சேவைதான் அவரை இப்படி ஆக்கியது. அந்தக் காலத்து இடமாற்ற விண்ணப்பத்தில் மூன்று வரிகள் இருக்கும்: முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். இளமையும் அப்பாவித்தனமும் நிறைந்திருந்த ஐம்பத்தேழாம் ஆண்டில் பஞ்சலிங்கம் மூன்று வரியிலும் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்று எழுதினார். தீவின் தென்கோடி அம்பாந்தோட்டை கிடைத்தது. அங்கே ஒரு வருடம் உப்புக் காற்றைக் குடித்துவிட்டு, அடுத்த தடவை மொனராகலை, அம்பாந்தோட்டை, யாழ்ப்பாணம் என்று எழுதினார். யாழ்ப்பாணம் கிடைத்தது! அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் ஓர் இலிகிதர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். பஞ்சலிங்கம் விசாரிக்கவில்லை. கொள்கை கிடைத்த மனிதன் விசாரிக்க மாட்டான்.

அன்றிலிருந்து அவர் எதையும் நேராகக் கேட்டதில்லை. கலியாணம் பேசப் போனபோதுகூட ஞானாம்பிகையின் ஒன்றுவிட்ட அக்காமார் இருவரைப் பற்றி முதலில் விசாரித்துவிட்டுத்தான் ஞானாம்பிகைக்கு வந்தார். அதை அந்த அம்மா கால் நூற்றாண்டாக மறக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நோர்மன் மாஸ்ரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிப் பழகிய மனிதர். பஞ்சலிங்கம் ஒருநாள் அவரிடம் ஏணி வாங்குவதற்காக முதலில் மண்வெட்டியையும் பிறகு கடகத்தையும் இரவல் வாங்கிப் போனார்.

"ஐசே பஞ்சலிங்கம், ஏணி வேணுமெண்டால் ஏணி எண்டு கேளும். என்ரை மண்வெட்டியை ஏன் காணும் கொண்டுபோறீர்? உம்மட்டை ஏற்கெனவே ரெண்டு கிடக்கு."

"எடுத்த உடனை ஏணியைக் கேட்டால் நீர் யோசிப்பீர், உவன் என்னத்துக்கு ஏணி கேக்கிறான் எண்டு."

"யோசிச்சால் என்ன? ஓடு மாத்தத்தானே?"

"அதைத்தான் சொல்லுறன். உம்மை யோசிக்க விடக்கூடாது."

இப்படிப்பட்டவருக்கு மகன் ஒருவன். தேவராசா. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகப்பன் சொற்படி வைத்தியத்தையும் பொறியியலையும் முன்னால் எழுதியவன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை விமானத்தில். வைத்தியம் கிடைக்கவில்லை. பொறியியலுக்கு இங்கிலாந்து போய், அங்கிருந்து எப்படியோ பறப்புப் பள்ளிக்குத் தாவி, எண்பத்துநாலின் நடுவில் வளைகுடா நாடொன்றின் விமானக் கம்பனியில் துணை விமானியாகச் சேர்ந்துவிட்டான். மூன்றாவதாகக் கிடைத்ததைப் பார்த்தீர்களா என்று பஞ்சலிங்கம் சந்தியில் நாலு பேருக்குச் சொன்னார்.

பையனுடைய முதற் கடிதங்கள் பயிற்சியைப் பற்றியவை. தரையில் நிற்கும் ஒரு பொய் விமானம். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் மெய் போலவே நடக்கும். குலுக்கும், மழை அடிக்கும், இயந்திரம் நிற்கும். பக்கத்தில் பயிற்சிக் கப்டன் ஒன்றும் தெரியாதவர் போல இருந்து, இவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதலாவது சோதனையன்று, எரிபொருள் வேகமாகக் குறைவதைத் தேவராசா கண்டுவிட்டான். கண்டவன் என்ன செய்தான்? தகப்பனின் பிள்ளை அல்லவா?

"கப்டன், காற்று மாறியிருக்கிறது போல் தெரிகிறது" என்றான். கப்டன் தலையாட்டினார்.

"எங்களுக்கு முன்னால் இறங்குவதற்கு இன்னும் மூன்று விமானங்கள் நிற்கின்றன" என்றான். அதற்கும் தலையாட்டினார்.

மூன்றாவதாக, மிகுந்த மரியாதையுடன், எரிபொருளும் முடியப்போகிறது என்பதை அறிவித்தான். கப்டன் எல்லாவற்றையும் நிறுத்தி விளக்கைப் போட்டார்.

"மிஸ்டர் தேவராசா, நாங்கள் செத்து இரண்டு நிமிடமாகிறது."

சோதனையில் தவறிவிட்டான். முக்கியமானதை முதலில், சத்தமாக, ஒரே வசனத்தில் சொல்வதற்கு அவனுக்குத் தனியாக ஆறு கிழமை பயிற்சி கொடுத்தார்கள். விமானத்தை மேலே கிளப்பக்கூட அவனுக்கு அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் தேறிவிட்டான். கடிதத்தை வாசித்து முடித்த பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன இருந்தாலும் பெரியவங்களோடை மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில்தான் அவருக்கு உண்மையான சுவை பிறந்தது. ஏனென்றால், விமானிகளும் விருப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் என்பது தெரியவந்தது! அடுத்த மாதத்துப் பறப்புகளையெல்லாம் கம்பனி ஒரு பட்டியலாக ஒட்டிவிடும். ஒவ்வொரு விமானியும் தனக்கு வேண்டிய பறப்பையும் வேண்டிய லீவையும் ஒழுங்குப்படி ஒரு பத்திரத்தில் நிரப்பிக் கொடுக்கவேண்டும். சேவையில் மூத்தவருடைய பத்திரத்தை முதலில் எடுப்பார்கள், அடுத்தவருடையதை அடுத்ததாக. தேவராசா தொண்ணூற்றாறு பேரில் தொண்ணூற்றாறாவது. மற்றவர்கள் சாப்பிட்டு எழும்பிய பந்தியில் மிஞ்சியது எதுவோ அது அவனுக்கு. நடுச்சாமத்துக் கராச்சி. பொங்கலன்று விமான நிலையத்தில் சீருடையோடு இருந்து, ஒருவரும் கூப்பிடாமலே வீடு திரும்பும் காத்திருப்பு. பகலில் யன்னலுக்கு வெள்ளித்தாள் ஒட்டிவிட்டு நித்திரை. விடியற்புறம் நாலு மணிக்குச் சோறு. எட்டு மாதமாக அவன் மனத்தில் இருந்ததை அப்படியே முதலாவதாக எழுதிக் கொடுத்தான். எட்டு மாதமும் கிடைக்கவில்லை.

"பாத்தீரே ஞானம்? பிள்ளையின்ரை மாதாமாத இடமாற்றம் உது. அவனுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியேல்லை."

"அவன் கடைசி ஆள் எண்டுதானே எழுதியிருக்கிறான்?"

"கடைசி ஆள் எண்டால் இன்னும் கவனமா எழுத வேணும்."

அந்த ஆவணிக்கு மகள் கனகாம்பிகையின் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை சாம்பியாவில் படிப்பிக்கிறார். மாதக் கடைசியில் திரும்பிப் போகவேண்டும். ஓகஸ்ற் இருபத்தோராம் திகதியை விட்டால் வேறு நாள் இல்லை என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அதற்கு அவரிடம் மோதிரம் பரிசு வாங்கி, கையைப் பிடித்துப் பந்தலுக்கு அழைத்துவருபவன் அவன். தேவராசா வீட்டைவிட்டுப் போய் ஏழு வருடம். ஞானாம்பிகைக்குக் கலியாணம் பாதி, மகன் முகம் மீதி. வந்து நின்றவர்களிடமெல்லாம் பெண்ணின் கூறைச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் வீட்டில் தம்பி என்று அழைக்கும் மகன் வருவதைப் பற்றி ஒன்பது வார்த்தையும் சொன்னார்.

தேவராசா எழுதியிருந்தான்: "ஓகஸ்ற் பதினெட்டிலிருந்து இருபத்துநாலு வரை லீவு என்று முதலாவதாக எழுதப்போகிறேன். பத்திரத்தின் அடியில் விசேட காரணம் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தங்கச்சியின் கலியாணம் என்று எழுதுவேன்."

பஞ்சலிங்கம் பதறிப்போனார். முதலாவதாகவா? காரணமும் எழுதியா? கடிதம் போய்ச்சேர இரண்டு கிழமை பிடிக்கும், பத்திரம் கொடுக்க ஒரு கிழமைதான் இருந்தது. வேட்டியை மாற்றிக்கொண்டு தந்தி அடிக்கப் புறப்பட்டார். தந்திக் கந்தோர் வாசலில் நோர்மன் மாஸ்ரர் எதிர்ப்பட்டு, எழுதி வைத்திருந்த வாசகத்தை வாங்கிப் பார்த்தார். லீவு மூன்றாவது. மிக மோசமான பறப்பு முதலாவது. காரணம் எழுதாதே. அப்பா.

"என்ன ஐசே இது? பிள்ளை ஒழுங்காத்தானே கேக்கப்போறான்?"

"எட்டு மாதம் ஒழுங்காக் கேட்டு என்னத்தைக் கண்டவன்? லீவைக் கேக்கிறான் எண்டு தெரிஞ்சால் அதைத்தான் முதல் வெட்டுவாங்கள். காரணத்தையும் எழுதினால் வெட்டுற இடத்தைக் காட்டிக் குடுத்த மாதிரி."

"அது உம்மடை கச்சேரி இல்லை. உம்மடை அம்பாந்தோட்டையை ஏன் அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறீர்?"

"மாஸ்ரர், நீர் சேவையிலை இடமாற்றம் காணாத மனுசன்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சலிங்கம் தந்தியை அடித்தார்.

பையன் ஏன் அதன்படி நடந்தான் என்று கேட்பீர்கள். கப்டன் ஆறு கிழமை படிப்பித்தது வானத்துக்கு. தரையில் அவன் இன்னும் பஞ்சலிங்கத்தின் மகன். அதோடு எட்டு மாதம் நேராகக் கேட்டுப் பார்த்து அலுத்தும் போயிருந்தான்.

மாத முடிவில் மறுதந்தி வந்தது. எங்கள் ஊரில் தந்தி என்றால் முதலில் அழுதுவிட்டுத்தான் உடைப்பார்கள்.

"ஆருக்கப்பா என்ன? கெதியாச் சொல்லுங்கோ!" ஞானாம்பிகை ஈரக் கையோடு ஓடிவந்தார்.

பஞ்சலிங்கம் உடைத்துப் பார்த்தார். முதல் விருப்பம் கிடைத்தது. லாகோஸ். பத்தொன்பது முதல் இருபத்துமூன்று வரை.

லாகோஸ் பறப்பு என்றால் அந்தக் கம்பனியில் மூத்தவர்கள் வயிற்றுக் குத்து என்று படுத்துவிடுவார்கள். ஐந்து நாள், தண்ணீர் வராத ஹோட்டல், கொசு. தொண்ணூற்றைந்து பேரும் தொடாமல் விட்ட அதை ஒருவன் தானாகவே முதலாவதாகக் கேட்டிருந்தான். சேவையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவனுக்குக் கேட்டது கிடைத்தது.

பஞ்சலிங்கம் தந்தியை நாலாக மடித்தார். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. தம்பிதான் அடிச்சவன். கேட்டது கிடைச்சிட்டுதாம்."

"கிடைச்சிட்டுதோ! நகுலேஸ்வரா!" அந்த அம்மா கீரிமலைக் கோயில் பக்கம் திரும்பி அந்த ஈரக் கையாலேயே கும்பிட்டார்.

ஐந்து நாள் பஞ்சலிங்கம் லாகோஸை மறைத்து வைத்திருந்தார். அந்த ஐந்து நாளில் வீட்டில் என்னென்ன நடந்தது தெரியுமா? பயத்தம் மா வறுபட்டது. மகனுடைய பழைய கட்டில் வெயிலுக்கு வந்தது. அவனுக்கென்று கறுத்தக் கொழும்பான் மாம்பழம் எட்டை வைக்கோலுக்குள் வைத்து, தொடுபவரின் கையை முறிப்பேன் என்று ஞானாம்பிகை அறிவித்தார். ஆறாம் நாள் பஞ்சலிங்கம் குசினி வாசலில் வந்து நின்றார். உள்ளே தாயும் மகளும் அயல் பெண்கள் இரண்டு பேரும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேரும் ஞானம், பந்தலுக்கு ஒரு நூறு கிடுகு குறையும் போலை."

"வாங்குங்கோவன்."

"மேளகாரர் கொஞ்சம் பிந்தித்தான் வருவினமாம்."

"தாலி கட்டுக்கு நிண்டால் சரி."

"மற்றது... தம்பியும் வரமாட்டான் போலை கிடக்கு."

கொதியெண்ணெய்க்குள் கரண்டி அப்படியே நின்றது.

"கேட்டது கிடைச்சிட்டுது எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம். கிடைச்சதுதான்."

"அப்ப அவன் என்னத்தைக் கேட்டவன்?"

"நான் கேக்கச் சொன்னதை" என்றார் பஞ்சலிங்கம். பிறகு, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் சொன்னார்.

பணியாரம் கருகும் மணம் வந்தது. கடைசியில் கனகாம்பிகைதான் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, எனக்கு இந்த மாப்பிள்ளையையும் உப்பிடித்தான் பாத்தனீங்களோ? முதல் ரெண்டு பேரும் ஆர்?"

அயல் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ஞானாம்பிகை சிரிக்கவில்லை. கருகியதை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, அடுத்ததைப் போட்டார். அன்றிலிருந்து கலியாண நாள் வரைக்கும் கணவரோடு அவர் கதைத்தது கிடுகைப் பற்றியும் மேளத்தைப் பற்றியும் மட்டும்தான்.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மேளகாரர் நேரத்துக்கே வந்தார்கள். தோழனாகப் பெரியப்பா மகன் செல்வரட்ணத்தை நிறுத்தினார்கள். நாற்பது வயது, வழுக்கை, மூட்டுவாதம். மாப்பிள்ளையின் காலைக் கழுவக் குனிந்தவரை மாப்பிள்ளையே கைகொடுத்துத் தூக்கிவிடவேண்டியிருந்தது. மாப்பிள்ளை போட்ட மோதிரம் செல்வரட்ணத்தின் விரலில் பாதிக்குமேல் ஏறவில்லை. சனம் சிரித்தது. பஞ்சலிங்கமும் சிரித்தார், வாசலைப் பார்த்துக்கொண்டு. அங்கே வரவேண்டிய ஒருவரும் இல்லை என்பது அவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

கலியாணத்தின் நாலாம் நாள், நாலாஞ் சடங்கன்று, பந்தியில் இலை எடுக்கிற நேரம், படலையில் ஒரு வான் வந்து நின்றது. கையில் ஒரு சின்னப் பெட்டியோடு தேவராசா இறங்கினான். லாகோஸிலிருந்து வந்து சீருடைகூட மாற்றாமல் கொழும்பு விமானத்தில் ஏறியிருக்கிறான். ஞானாம்பிகை அவனைப் பிடித்த பிடியில் தொப்பி உருண்டு ஆட்டுத் தீனித் தொட்டிக்குள் போய் விழுந்தது. கனகாம்பிகை அண்ணனின் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு அழுதாள். மாம்பழம் எட்டும் அவனுக்கு முன்னால் வெட்டி வைக்கப்பட்டன.

"எப்பிடியடா லீவு கிடைச்சது?" என்று நோர்மன் மாஸ்ரர் கேட்டார்.

"கேட்டன் மாஸ்ரர். வேறை ஒண்டுமில்லை. எங்களுக்குப் பறப்புப் போடுற பகுதியிலை ஸ்ரெல்லா எண்டு கோவாக்காரி ஒருத்தி. லாகோஸிலையிருந்து வந்து இறங்கின உடனை நேரை அவவட்டைப் போய், தங்கச்சிக்குக் கலியாணம் முடிஞ்சுது, நான் போகேல்லை, இப்பவாவது போகவேணும் எண்டன். அவ என்ரை பத்திரத்தை எடுத்துப் பாத்திட்டு ஏசினா பாருங்கோ ஏச்சு! 'இந்தக் கட்டத்தை ஏன் வெறுமையா விட்டனீ? கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் எண்டு மாதாமாதம் ரெண்டு பேருக்கு லீவு ஒதுக்கி வைச்சிருக்கிறன். ஆரெண்டாலும் கேக்கலாம், கடைசி ஆள் எண்டாலும். ஓகஸ்ற்றிலை ஒருத்தரும் கேக்கேல்லை' எண்டா."

"லாகோஸ் போட்டது?"

"அது பாவம் பாத்துப் போட்டதாம். முதலாவதா எழுதியிருந்தபடியால் எனக்கு அங்கை ஆரோ இருக்கினமாக்கும் எண்டு நினைச்சவவாம்."

மாஸ்ரர் வெடித்துச் சிரித்தார். புது மாப்பிள்ளையும் சிரித்தார். பஞ்சலிங்கம் எழுந்து கிணற்றடிக்குப் போய், நிறைந்திருந்த தொட்டிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளினார்.

நாலு நாள் நாலு மணித்தியாலம் போலப் போனது. தேவராசா புறப்படும் காலையில், வேலியோரத்து முருங்கையின் கீழ் நின்று பஞ்சலிங்கம் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் நோர்மன் மாஸ்ரர் காது கொடுத்தார். "தம்பி, பொங்கலுக்கு வா. தம்பி, பொங்கலுக்கு வா."

"அதுதான் ஐசே! அதை முதலாவதாச் சொல்லும். ஒரு வசனம்தானே?"

"ஓம் ஓம். இந்த முறை முதலாவதுதான்."

சந்தியில் வான் உறுமிக்கொண்டு நின்றது. ஞானாம்பிகை மகனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு ஒதுங்கினார். தேவராசா ஏறி யன்னலோரம் இருந்தான். பஞ்சலிங்கம் யன்னலைப் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அடையாள அட்டையை மேல்பையிலை வைச்சிருக்கிறியோ? வழியிலை ஆமிக்காரர் இறக்கிப் பாப்பாங்கள்."

"ஓமப்பா, வைச்சிருக்கிறன்."

"அந்தப் பயத்தம் பணியாரத்தைக் கீழை வைக்காதை, நசிஞ்சுபோகும்."

"ஓமப்பா."

"மற்றது தம்பி..."

வான் புறப்பட்டது. தேவராசா கழுத்தை வெளியே நீட்டி, "என்னப்பா? என்ன சொன்னனீங்கள்?" என்று கத்தினான். பஞ்சலிங்கம் பத்தடி ஓடினார். பிறகு நின்று, "ஒண்டுமில்லை, கவனமாப் போ!" என்று கையை ஆட்டினார். வான் ஓட்டுபவர்கள் மூன்றாவதுக்காகக் காத்திருப்பதில்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடிந்தபின், வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கோ, வேலிக்கு அப்பால் இருக்கும் அண்ணனுக்கோ கடைசியாக எழுதிய கடிதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதற் பக்கத்தில் மழை. இரண்டாம் பக்கத்தில் மாடு கன்று போட்டது. கையெழுத்தும் போட்ட பிறகு, இடம் போதாமல் தாளின் ஓரத்தில் குறுக்காக எழுதினீர்களே, ஒரு வரி? அதை எடுத்து ஒரு புதுத் தாளின் முதல் வரியாக எழுதி இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பெறுபவர் இருக்கும்போதே போய்ச் சேரட்டும்.